அத்தை பீடி குடித்ததில்லை!

"பெரியம்மா பீடி, சுருட்டு ஏதாவது பிடிப்பாங்களா?"

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் மாமியாரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா! அத்தைக்கு வெற்றிலை போடும் பழக்கம்கூடக் கிடையாது. "ஐயோ, எங்க அத்தை அந்த மாதிரி இல்லீங்க!" என்று படபடத்தேன். டாக்டரம்மா கோபித்துக் கொள்ளவில்லை. "சரி, வீட்டுல என்ன அடுப்பு? சின்ன வயசுல என்ன வேலை பார்த்தாங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். 11 வருஷமாக எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறோம். இந்த இரண்டு கேள்விகளை அதுவரை யாருமே கேட்டதில்லை.

அத்தை பிறந்தது போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர் போன அந்த ஊருக்கு இலவம் பஞ்சும் ஒரு பெரிய வியாபாரம். ஒன்பது வயசிலிருந்து கல்யாணம் ஆகும் வரை காய் உடைத்துப் பஞ்செடுத்து, கொட்டை பிரிக்கிற வேலைக்குப் போயிருக்கிறார். "முந்தானையை மூக்குல சுத்திக்குவோம் தாயி. சாயங்காலம் காறித் துப்புனா பஞ்சுதான் வரும்" என்பார் சிரித்துக்கொண்டே. 17 வயசில் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அன்று முதல் விறகு அடுப்பு. பருத்திமார், தென்னை மட்டை, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து பண்ணிப் போட்ட கொடிக்குச்சி எல்லாம் அடுப்புக்குள் போகும். ஜன்னல் என்று பெயருக்கு ஒரு பொந்து. கூலியாட்களுக்கும் சேர்த்து இரண்டு வேளைச் சமையல். ஊதாங்குழலோடு அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருக்கும். அந்தக் கரி சுவரில் மட்டுமா படிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே!

இருமல் முதலில் மார்கழிப் பனியில் மட்டும் வந்தது. அப்புறம் ஆடிக் காற்றிலும் வந்தது. அப்புறம் வருஷம் பூராவும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமிச் சளியைத் துப்பினால்தான் பேச்சு வரும். "வயசானா அப்படித்தான்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்கியபோதும் வயசு மேலேயே பழியைப் போட்டோம். ஆனால் அப்போது அத்தைக்கு 51 வயசுதான்.

நடுவில் ஊராருக்குக் காசநோய் சந்தேகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும், அதில் தவறில்லை. செய்தோம், இல்லை என்று வந்தது. ஆனால் வாய் என்ன சும்மா இருக்குமா? ஒரு காதுகுத்து வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, அத்தைக்கு மட்டும் பேப்பர் கப்! அத்தை ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. மூச்சு ரொம்ப இழுத்தால் ஒரு கிளினிக்கில் ஊசி போடுவார்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கும். அங்கே அடிக்கடி போக முடியாதபோது ஒரு மருந்துக் கடையில் "இரைப்புக்கு" என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கட்டாயம் இருக்கும். போட்ட ஒரு மணி நேரத்தில் அத்தை எழுந்து நடமாடுவார். மந்திரம் மாதிரி! மூன்று வருஷம் நானே கை நிறைய வாங்கி வந்து கொடுத்தேன். முகம் உப்பி, கன்னம் பளபளத்தது. "மருமக நல்லா கவனிக்கிறா, மாமியா உடம்பு தேறிட்டா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அது ஸ்டீராய்டு மாத்திரை, முகம் உப்பியது மருந்தின் வேலை, சர்க்கரை ஏறியதும் கையில் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவதும் முதுகு வலிப்பதும் அதே மருந்தின் வேலை என்று யார் சொன்னார்கள்?

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு டாக்டர் உறிஞ்சுகிற மருந்து எழுதித் தந்தார், ஒரு கருவியும் ஒரு டப்பா காப்ஸ்யூலும். எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் காட்டித் தரவில்லை. அத்தை ஒரு மாதம் அந்தக் காப்ஸ்யூலைத் தண்ணீரில் முழுங்கிவிட்டு "இந்த மாத்திரை கேக்கவே இல்ல" என்றார். கருவியில் வைத்து மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டிய பொடி வயிற்றுக்குள் போனால் எப்படிக் கேட்கும்?

போன ஐப்பசி அடைமழையில் அத்தைக்கு உதடு கறுத்துப்போனது. பயந்துபோய் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் தாண்டி, தேனிக்கு அப்பால் ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கும் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆக்ஸிஜன் வைத்து, ஐந்து நாளில் தேற்றிவிட்டார்கள். தேறிய பிறகு ஒரு தேதி சொல்லி, ஊதிப் பார்க்கும் சோதனைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் மேலே சொன்ன கேள்வி.

சோதனைக்கு முன்னால் இ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார்கள். ஏனென்றால் மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரல் கோளாறு இல்லையாம். இருதயம் பலவீனமானாலும் மூச்சு வாங்கும், ரத்தசோகை இருந்தாலும் வாங்கும். "எக்ஸ்ரே நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர், முன்னாடி எடுத்ததுலயும் ஒண்ணுமில்லைன்னாங்களே" என்றேன். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஊதிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

இந்தச் சோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். 1846-லேயே லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற டாக்டர், தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஊதச் சொல்லி மூச்சை அளந்திருக்கிறார். இன்றைக்கு அது ஒரு கையடக்கமான குழாயும் கம்ப்யூட்டருமாக ஆகிவிட்டது. மூக்கில் ஒரு கிளிப் மாட்டுகிறார்கள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயை வாயில் கவ்வி, ஒரே மூச்சாக ஊத வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்!" என்று போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குறைந்தது ஆறு விநாடி ஊத வேண்டும். மூன்று தடவை சரியாக வர வேண்டும். அத்தை ஒவ்வொரு தடவையும் இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் விடவில்லை.

கணக்கு இதுதான். ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியிலேயே எவ்வளவு வெளியே வருகிறது? நூற்றுக்கு 70 பங்காவது வர வேண்டும். அத்தைக்கு மொத்தம் 1.6 லிட்டர், முதல் விநாடியில் 0.8 லிட்டர். பாதிதான்! குறுகிய கழுத்துள்ள பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் மடக் மடக் என்று இறங்குமே, அப்படி. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நாலு தடவை உறிஞ்சச் செய்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். 0.85 ஆயிற்று. அவ்வளவுதான் கூடியது.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் என் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்து லொக் லொக் என்று இருமிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "ராத்திரியில இருமுவாளா? ஓடினா, சிரிச்சா இருமல் வருமா? மூக்கு அரிக்குமா?" என்று கேட்டார். எல்லாமே உண்டு. அவளையும் ஊதச் சொன்னார்கள். முதல் விநாடியில் 1.6 லிட்டர், மொத்தம் 2.5. மருந்து உறிஞ்சி கால் மணி கழித்து, முதல் விநாடியில் 2 லிட்டர்! ஒரே வீட்டில் ஒரே மாதிரி இருமிய இருவருக்கு இரண்டு வேறு வியாதி.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மகளுக்கு ஆஸ்துமா. மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் லேசாகப் புண்பட்டுச் சிவந்து இருக்கும், தூசியோ குளிர்காற்றோ பட்டால் குழாய் சுருங்கும், மருந்து கொடுத்தால் திறந்துகொள்ளும். மருந்துக்குப் பின் நூற்றுக்கு 12 பங்கும், அளவில் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் என்பது பல காலமாக டாக்டர்கள் பார்க்கும் கணக்கு. அத்தைக்கு வந்திருப்பது சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். குழாய்ச் சுவர் தடித்து, கடைசியில் உள்ள காற்றுப் பைகளும் சிதைந்து போயிருக்கும். மருந்து கொடுத்தாலும் பழையபடி திறக்காது. புகை பிடிக்கிறவர்களின் நோய் என்று உலகம் இதற்குப் பெயர் வைத்துவிட்டது. 2019-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேரைக் கொண்டு போன நோய் இது.

பீடி பிடிக்காத பெண்களுக்கும் வருமா? திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், புகைப் பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்து 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் இரண்டரைப் பேருக்கு இந்த நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருக்கிறவர்களில் அது மூன்று. சின்ன எண்ணிக்கையாகத் தெரிகிறதா? நம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் உள்ள அடுப்புகளை எண்ணிப் பாருங்கள்.

"பம்ப்" என்றதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்த்தா, அது பழகிப் போயிரும். கடைசிக் காலத்துக்குத்தான் அதைக் கொடுப்பாங்க" என்றார். எனக்கு அத்தையைவிட மகளைப் பற்றித்தான் திக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர் அவளுக்கு இன்ஹேலர் எழுதித் தந்தார். அந்தச் சீட்டை நான் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். பெண் பிள்ளை பையில் பம்ப் வைத்திருந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்? இதை அந்த அறையில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி தூங்காம இருமுற பொண்ணை மட்டும் யார் கட்டுவாங்க?" என்றார்.

இன்ஹேலர் பிறந்ததே ஒரு சின்னப் பெண்ணால்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயசு மகளுக்கு ஆஸ்துமா. தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷமே, 1956-ல், அளவு பார்த்து அடிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது!

பழகிப்போகும் என்ற பயத்துக்கு டாக்டரம்மா சொன்ன கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மகள் ஒரு தடவை உறிஞ்சும் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம். அத்தைக்கு நான் கொடுத்த மாத்திரை ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம், அதாவது எடைக் கணக்கில் 25 உறிஞ்சலுக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது, உறிஞ்சும் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது. ஆஸ்துமாக்காரர்கள் தினமும் எடுக்க வேண்டியது புண்ணை ஆற்றும் இந்த மருந்தைத்தான். பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், உடனே சுகம் தரும் நீல நிற நிவாரண மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அது மட்டும் போதாது, ஆபத்தும்கூட என்று 2019-லிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்கின்றன.

அத்தைக்குக் கொடுத்தது வேறு. நாள் முழுக்கக் குழாயை விரித்து வைக்கும், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. இதனால் சிதைந்த பைகள் திரும்பாது. ஆனால் மூச்சு இழுப்பது குறையும், ஆஸ்பத்திரியில் படுப்பது குறையும். வெள்ளை மாத்திரையை மட்டும் பட்டென்று நிறுத்தவில்லை. சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். நாள்கணக்காகச் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கணக்கில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஏழு வாரத்தில் முடித்தோம். சர்க்கரையும் ஓரளவு இறங்கியது.

உறிஞ்சும் முறையை ஒரு நர்ஸ் எங்களுக்கு மூன்று முறை செய்து காட்டினார். அடிக்கிற இன்ஹேலரானால் முதலில் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். பொடிக் காப்ஸ்யூல் கருவிக்கு நேர்மாறு, வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அத்தைக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒன்று சேரவில்லை. ஆகவே நடுவில் ஸ்பேஸர் என்ற கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குள் மருந்தை அடித்துவிட்டு நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். ஸ்பேஸர் கிடைக்காத இடத்தில், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செருகினாலும் குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 1999-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் டாக்டர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படரும்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை அடுப்பை வைத்துத்தான். எங்கள் வீட்டில் காஸ் இருக்கிறது, காபிக்கும் தோசைக்கும். சோறும் வெந்நீரும் கறிக்குழம்பும் இன்னமும் விறகில்தான். காரணம் ருசி என்று ஆண்கள் சொல்வார்கள். சிலிண்டர் விலை என்று நமக்குத் தெரியும். 2016-ல் உஜ்வலா வந்து எத்தனையோ வீட்டுக்குக் காஸ் போயிற்று. காலி சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு மறுபடி விறகு பொறுக்கப் போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் சோற்றைக் காஸுக்கு மாற்றி, வெந்நீர் அடுப்பைக் கொல்லையில் திறந்தவெளிக்குக் கொண்டுபோனோம். விறகைக் காயவைத்துத்தான் எரிக்கிறோம். ஈர விறகுதான் அதிகம் புகையும். அந்த அடுப்பு இப்போது எங்க வீட்டுக்காரர் பொறுப்பு! இரண்டு நாள் கண் எரிந்ததும் விறகுக் குழம்பு ருசியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

கொசுவர்த்திச் சுருளையும் நிறுத்திவிட்டு வலை கட்டினோம். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75-லிருந்து 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-ல் கண்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு அதற்குள்ளே குழந்தைகளைத் தூங்க வைக்கிறோம்! மகளின் பழைய இலவம் பஞ்சுத் தலையணையையும் தூக்கிப் போட்டேன். அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம், தன் கையால் அடைத்ததாம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் முழுக்க டாக்டர்கள்தான். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, திராட்சை கூடவே கூடாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை விளைகிற கம்பத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் திராட்சை தரக் கூடாதாம்! எது சாப்பிட்டால் இழுக்கிறது என்று நமக்கே நிச்சயமாகத் தெரிந்தால் அதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு வாங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியாவுக்கும் தடுப்பூசி. மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடச் சொல்லித் தந்தார்கள். ஊதாங்குழல் பிடித்த வாய்க்கு அது உடனே வந்துவிட்டது. மூச்சு வாங்குகிறதே என்று படுத்தே கிடந்தால் கால் தசையெல்லாம் கரைந்து, அப்புறம் எழுந்தாலே மூச்சு வாங்கும் என்பதால் தினமும் நடை.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி இப்போது உபயோகமாகிறது. அமைதியாக இருக்கும்போதே 88-ஐத் தொட்டோ அதற்குக் கீழோ தொடர்ந்து நின்றால், வீட்டில் தினமும் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருக்குமாம். அத்தைக்கு 92, 93 என்று நிற்கிறது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, சொக்கிச் சொக்கி விழுந்தாலோ கை வைத்தியம் பார்க்க நேரமில்லை. 108-தான். வண்டி வரும் வரை டாக்டர் எழுதித் தந்த அளவில் நிவாரண மருந்தை ஸ்பேஸரில் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டு இப்போது புடவைக்கு அடியில் இல்லை, அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மகள் பள்ளிக்கூடப் பையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலரை வைத்திருக்கிறாள். கேட்கிறவர்களுக்கு அவளே விளக்கம் சொல்கிறாளாம். ராத்திரி இருமல் நின்று நாலு மாதமாயிற்று. கபடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார், நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தைக்கு ஒரு பழைய நேர்த்தி இருந்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக, மூச்சு இரைப்பு ஆரம்பித்த வருஷத்தில் வேண்டிக்கொண்டது. "புகை ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ஆத்தா கோவிச்சுக்குவாளா?" என்று தை மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பூசாரியிடமே கேட்டோம். "ஆயிரங்கண் பானை எடும்மா" என்றார். இந்தச் சித்திரையில் கூட்டம் குறைந்த விடியற்காலையில் போனோம். பஸ் நின்ற இடத்திலிருந்து கோயில் வரைக்கும் அத்தை மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் உதட்டைக் குவித்து ஊதினார், பேத்தி கையில் பானையைக் கொடுத்துவிட்டு. நாலாவது தடவை நிற்கவில்லை. வெளியே வந்து ஒரு கடையில் காபி வாங்கினோம். கடைக்காரர் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். அத்தை அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தார்.